போனுக்குள்ள ஒரு கார்ட்டூன் கார்டு: இந்த வாரம் அக்கா பதில்கள்

ரெண்டு இதழுக்கு முன்னாடி ஒரு வாசகர் என்எஃப்டின்னா என்னன்னு கேட்டதுக்கு நாலு வரில பதில் எழுதியிருந்தேன்: ஒரு டிஜிட்டல் படம் இன்னாரோடதுன்னு, பிளாக்செயின்ங்கற பொது கணக்கு புக்குல எழுதி வைக்கிற சான்று, டிஜிட்டல் கலெக்டிபிள்னு சொல்றதும் இததான். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கார்ட்டூன் பாக்குறவங்களும் கார்ட்டூன் எடுக்குறவங்களும் கேட்டதா இருக்கு. ஹெட்போன் வாங்கலாமா, லேப்டாப் சூடாகுதேங்கற கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்கு நகத்திட்டு, இந்த வாரம் பக்கம் முழுக்க இத மட்டும் பேசிடலாம்.

கேள்வி: அக்கா, வடபழனில நாங்க ஒன்பது பேர் சேர்ந்து சின்ன அனிமேஷன் ஸ்டுடியோ வச்சிருக்கோம். ஒரு காக்கா, ஒரு பூனை, ஒரு மாடி வீட்டு ஆயாவ வச்சு யூடியூப்ல ஒரு தொடர் போடுறோம், ஸ்கூல் பசங்களும் பாக்குறாங்க, ஐடில வேலை செய்யறவங்களும் பாக்குறாங்க. இப்போ புரொட்யூசர் சார் நம்ம கேரக்டர டிஜிட்டல் கலெக்டிபிளா விடலாம்னு சொல்றாரு. ரசிகர்கள் கிட்ட இத எப்படி ஆரம்பிக்கிறது? (ஒரு அனிமேட்டர், வடபழனி)

பதில்: தம்பி, எத சொல்லி ஆரம்பிக்கக்கூடாதுங்கறத முதல்ல சொல்லிடறேன். 'இன்னைக்கு வாங்கினா நாளைக்கு விலை ஏறும்'ங்கற பேச்சு உங்க போஸ்டர்லயோ, ஆயாவுக்கு குரல் குடுக்குறவங்களோட ரீல்லயோ, யாராவது கமென்ட்ல கேட்டா நீங்க போடற பதில்லயோ எங்கயுமே வரக்கூடாது. இந்த ஒரு பேச்சுல ஒரு அனிமேஷன் தொடரே மாட்டிக்கிச்சு. அமெரிக்கால 'ஸ்டோனர் கேட்ஸ்'னு ஒரு தொடர், நடிகை மிலா குனிஸ் முன்ன நின்னு பண்ணது, எத்தீரியம்ங்கற பிளாக்செயின உருவாக்குன விட்டாலிக் புட்டரின் கூட அதுல ஒரு பூனைக்கு குரல் குடுத்திருக்காரு. 2021 ஜூலை 27 அன்னைக்கு 10,320 என்எஃப்டி விட்டாங்க, ஒன்னு சுமார் 800 டாலர், அது கைல இருந்தாதான் எபிசோடு பாக்கலாம், 35 நிமிஷத்துல மொத்தமும் தீந்து போய் கிட்டத்தட்ட 80 லட்சம் டாலர் வந்துச்சு. அப்புறம் அது கைமாறி கைமாறி 10,000 தடவைக்கு மேல விக்கப்பட்டுச்சு, அதுல மட்டும் 2 கோடி டாலருக்கு மேல பணம் புரண்டுச்சு. 2023 செப்டம்பர்ல, பங்குச் சந்தைய கண்காணிக்கிற நம்ம செபி மாதிரி அங்க இருக்குற எஸ்இசி கேஸ் போட்டுச்சு. தொடர் ஹிட் ஆனா நீங்க வாங்குனதோட விலையும் ஏறும்னு ஆசை காட்டி வித்திருக்கீங்க, அப்போ இது பதிவு பண்ணாம வித்த முதலீட்டு பத்திரம்னு சொல்லிட்டாங்க. கம்பெனி அத ஒத்துக்கவும் இல்ல மறுக்கவும் இல்ல, ஆனா 10 லட்சம் டாலர் அபராதம் கட்டவும், கைல மிச்சம் இருந்த என்எஃப்டிய அழிக்கவும் சம்மதிச்சிது.

அது அமெரிக்கா சட்டம், நம்மூர்ல வேற. ஆனா அந்த கேஸ்ல எனக்கு உறைச்ச விஷயம் சட்டம் இல்ல. பூனைக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வந்த ரசிகன, இப்போ என்ன விலைக்கு போகுதுன்னு கேக்க வச்சிட்டாங்க பாருங்க, அதுதான். உங்க காக்காவ விரும்பி பாக்குற பொண்ணு நாளைக்கு அந்த காக்காவ பாக்கும்போது தனக்கு எவ்ளோ நஷ்டம்னு ஞாபகம் வந்தா, அதுக்கப்புறம் அவ உங்க எபிசோட திறக்க மாட்டா.

சரி, எப்படி ஆரம்பிக்கலாம். என்எஃப்டி, பிளாக்செயின், வாலெட் (இதெல்லாம் வைக்கிற டிஜிட்டல் பர்ஸ்)னு முதல் வரிலயே போட்டீங்கன்னா ஐடி ஆளுங்க முறைப்பாங்க, ஸ்கூல் பசங்களுக்கு புரியாது. கார்டுன்னு சொல்லுங்க. ரெட்டிட் வெப்சைட்காரங்க 2022ல இதத்தான் பண்ணாங்க, 'கலெக்டிபிள் அவதார்'னு பேர் வச்சு சாதாரண காசு குடுத்தே வாங்குற மாதிரி விட்டாங்க, உள்ள இருந்தது பாலிகான் பிளாக்செயின்தான், ஆனா அத முன்னாடி நிறுத்தல. அதுக்காக மறைக்க சொல்லல, கேக்கறவங்களுக்கு முழுசா சொல்லணும், வாசல்லயே பாடம் எடுக்க வேணாம்னுதான் சொல்றேன். முதல் கார்ட சும்மா குடுங்க. இத்தனை நாள் உங்கள பாத்தவங்களுக்கு நன்றி சொல்ற மாதிரி, போன் நம்பர் போட்டு உள்ள வந்தா ஒரு கார்டு, அவ்ளோதான். யாரு ஆர்வமா வராங்க, யாருக்கு உள்ள நுழையவே தெரியலங்கறது அதுலயே தெரிஞ்சிடும்.

கார்டுல என்ன வைக்கறதுங்கறதுலதான் உங்க நேரம் எல்லாம் போகணும். காக்காவோட ஒரே படத்த எடுத்து தொப்பி மாத்தி, கலர் மாத்தி, கண்ணாடி மாட்டி 5,000 படம் ஆக்கறது கம்ப்யூட்டர் ஒரு ராத்திரில பண்ற வேலை, ரசிகனுக்கு அது நல்லாவே தெரியும். உங்க கிட்ட மட்டும் இருக்குறத குடுங்க: காக்காவுக்கு மூஞ்சி எப்படி இருக்கணும்னு முதல் நாள் பென்சில்ல கிறுக்குன பேப்பர், ஸ்டோரிபோர்டுல இருந்து வெட்டி எடுத்துட்ட சண்டை சீன், ஆயா டப்பிங்ல சிரிப்ப அடக்க முடியாம கெட்டுப்போன டேக். ஸ்டுடியோ ஹார்ட் டிஸ்க்ல தூங்குற இந்த மாதிரி சரக்குக்குத்தான் ரசிகன் உசிர விடுவான். கைல பிடிக்கிற மாதிரி ஏதாவது சேத்து குடுத்தா இன்னும் நல்லது. 'பாப்'னு சின்ன பொம்மை விக்கற ஃபன்கோ கம்பெனி 2021 ஆகஸ்ட்ல நிஞ்சா டர்ட்டில்ஸ் வச்சு டிஜிட்டல் பாப் விட்டப்போ, அரிதான கார்டு கிடைச்சவங்களுக்கு நிஜ பொம்மையையும் அனுப்புற ஏற்பாடு வச்சிருந்தாங்க, பொம்மை சேக்கறவனுக்கு அது சட்டுன்னு புரிஞ்சிது. உங்களால பொம்மை பண்ண முடியலன்னா, 2024ல இருந்து நம்ம நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல காமிக் கான் நடக்குதுல்ல, அங்க ஸ்டால் போட்டு கார்டு காட்டுறவங்களுக்கு அனிமேட்டரே உக்காந்து ஒரு ஸ்கெட்ச் போட்டு குடுக்கலாம், அதுக்கு ஆகற செலவு ஒரு பென்சிலும் ரெண்டு நாள் முதுகு வலியும்தான்.

எத்தனை கார்டுங்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கட்டும். வெட்டுன சீன்ல 240 டிராயிங் இருந்தா 240 கார்டு. சும்மா அவசரத்த கிளப்பறதுக்காக 'இன்னும் 50 தான் பாக்கி'னு போடாதீங்க, டி.நகர்ல கடைசி நாள் தள்ளுபடின்னு வருஷம் முழுக்க போர்டு தொங்குறத பாத்து வளந்த ஊரு இது.

அப்புறம் விக்கறதுக்கு முன்னாடியே ஒரே ஒரு பக்கம், தமிழ்ல, பெரிய எழுத்துல எழுதி வைங்க: இத வாங்கினா உனக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, படம் எந்த சர்வர்ல இருக்கும், ஸ்டுடியோவ மூடிட்டா அது என்ன ஆகும், பிடிக்கலன்னா எத்தனை நாளுக்குள்ள காசு திரும்ப வாங்கலாம். இந்த பக்கத்த எழுத முடியலன்னா விக்காதீங்க. எழுத ஆரம்பிச்சாதான் உங்களுக்கே எந்த கேள்விக்கு பதில் இல்லன்னு தெரியும்.

கடைசியா, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், இத புரொட்யூசர் சார் கிட்ட நீங்களே பேசணும். அந்த பென்சில் டிராயிங் போட்ட பையனுக்கு இதுல பங்கு உண்டா? கார்டுல அவன் பேர் வருமா? ஆயாவோட குரல் யூடியூப் எபிசோடுக்காக பேசுனது, அத தனியா எடுத்து விக்கறதுக்கு அவங்க கிட்ட எழுதி வாங்கியிருக்கீங்களா? சம்பளம் குடுத்தாச்சே அப்புறம் என்னன்னு கேப்பாங்க. ஒன்பது பேர் சேந்து உருவாக்குன காக்கா அது, எட்டு பேர வெளிய விட்டுட்டு விக்காதீங்க. திட்டி கமென்ட் வரும், கட்டாயம் வரும், வந்தா பிளாக் பண்ணாம படிங்க, உங்க தொடர் கெட்டுடுமோன்னு பயப்படறவங்கதான் அப்படி திட்டுவாங்க.

கேள்வி: ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா அதே படம் என் கேலரில வந்துடுது. அப்புறம் எதுக்கு காசு குடுத்து வாங்கணும்? (கல்லூரி மாணவர், திருவொற்றியூர்)

பதில்: வரத்தான் செய்யும், அந்த கேள்வி ரொம்ப சரியானது. கொஞ்சம் பின்னாடி போய் பாக்கலாம். அந்த காலத்து கார்ட்டூன் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குற செல்லுலாய்டு ஷீட்ல கையால பெயின்ட் அடிச்சு, பின்னணி மேல வச்சு ஒவ்வொன்னா போட்டோ எடுத்தது, அந்த ஷீட்டுக்கு செல்னு பேர். வேலை முடிஞ்சா பெரும்பாலும் பெயின்ட்ட கழுவிட்டு அதே ஷீட்ட திரும்ப யூஸ் பண்ணுவாங்க, இல்லன்னா தூக்கி போட்டுடுவாங்க. 1938ல சான் ஃபிரான்சிஸ்கோல ஒரு ஆர்ட் கேலரி டிஸ்னி கூட பேசி 'ஸ்னோ ஒயிட்' படத்தோட செல்ல எல்லாம் ஃபிரேம் போட்டு விக்க ஆரம்பிச்சிது, 1955ல டிஸ்னிலேண்ட் திறந்ததுக்கப்புறம் அங்க உள்ள கடைலயே சில டாலருக்கு கிடைச்சிது. அந்த படத்த தியேட்டர்ல எத்தனையோ கோடி பேர் பாத்திருப்பாங்க, ஆனா அந்த பெயின்ட் காஞ்ச ஷீட் ஒன்னே ஒன்னு.

இப்போ எல்லாமே கம்ப்யூட்டர்ல வரையறது. ஒரிஜினல்னு ஒரு பொருளே கிடையாது, ஸ்டுடியோல இருக்குற ஃபைலும் உன் போன்ல இருக்குற காப்பியும் ஒன்னுதான். ஒரிஜினல்ங்கற அந்த காலி இடத்த நிரப்ப வந்ததுதான் இந்த டிஜிட்டல் கலெக்டிபிள். படத்துக்கு ஒரு நம்பர் போட்டு, இந்த நம்பர் இன்னாரோடதுன்னு யாரும் அழிக்க முடியாத ஒரு கணக்கு புக்குல எழுதி வைக்கிறாங்க.

வீடு வாங்கும்போது அப்பா சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்க சான்று எடுப்பாரு பாத்திருக்கியா? இன்னார் கிட்ட இருந்து இன்னார் வாங்குனாங்க, அவங்க கிட்ட இருந்து இன்னார்னு வரிசையா இருக்கும். பிளாக்செயின் அந்த மாதிரி ஒரு வில்லங்க சான்று, ஒரே ஆபீஸ்ல இல்லாம ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல இருக்குது, யாரு வேணா எடுத்து பாக்கலாம். நீ ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறது அந்த வீட்ட போட்டோ எடுக்கற மாதிரி. ஆனா ஒரு வித்தியாசம் உண்டு, வீட்டுல நீ குடியிருக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். இங்க அந்த சான்று மட்டும்தான் உன் கைல இருக்குது. அது போதும்னு உனக்கு தோணுற அளவுக்கு அந்த தொடர் பிடிச்சிருந்தா வாங்கு, தோணலன்னா ஸ்க்ரீன்ஷாட்டே நல்லாதான் இருக்கு, அத வால்பேப்பரா வச்சுக்கோ.

நான் அயனாவரத்துல வளந்தவ. எங்கண்ணன் பபிள்கம்முக்குள்ள வர்ற ரன் கார்ட 100 ரன் ஆகற வரைக்கும் ரப்பர் பேண்ட் போட்டு சேத்து வச்சான். கம் எனக்கு, கார்டு அவனுக்குன்னு ஒப்பந்தம். அந்த கார்டோட அச்சும் மட்டம், பேப்பரும் மட்டம், கடைல எவனும் எட்டணாவுக்கு கூட எடுத்துக்க மாட்டான். அத எண்ணி எண்ணி பாக்கறதுல அவனுக்கு இருந்த சந்தோஷத்த நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், அதனாலதான் போன்ல கார்டு சேக்கற பசங்கள யாராவது முட்டாள்னு சொன்னா எனக்கு ஆகாது.

கேள்வி: என் பையனுக்கு 13 வயசு. ஒரு கார்ட்டூன் ஆப்ல 'மிஸ்ட்ரி பேக்' வாங்கணும், 1,500 ரூபா வேணும்னு அடம் பிடிக்கறான். உள்ள என்ன இருக்கும்னு கேட்டா திறந்தாதான் தெரியும்ங்கறான். இது சூதாட்டம் மாதிரி இருக்கே? (ஒரு அம்மா, குரோம்பேட்டை)

பதில்: அம்மா, உங்க சந்தேகம் நியாயமானது. என்ன கிடைக்கும்னு தெரியாம காசு போடறது, அபூர்வமான ஒன்னு விழும்னு ஆசைல திரும்ப போடறது, இதோட அமைப்பு லாட்டரி மாதிரிதான். 2003ல லாட்டரிய ஒழிச்ச தமிழ்நாட்டுல உக்காந்துட்டு, எத்தனை வீட்டுல அது என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்ச நாம, பசங்க கைல அதே பழக்கத்த கார்ட்டூன் கவர் போட்டு குடுக்க வேணாம்.

அதே நேரம் மொத்தமா வேணாம்னு சொல்லி போன பிடுங்கிடாதீங்க. அவனுக்கு அந்த கேரக்டர் பிடிக்கும், கூட படிக்கற பசங்க கிட்ட இருக்கும், நம்ம கிட்ட இல்லையேங்கற ஏக்கம் இருக்கும். பக்கத்துல உக்காந்து அந்த ஆப்ப அவனையே காட்ட சொல்லுங்க. பேக்குக்குள்ள எந்த கார்டு எத்தனை சதவீதம் வரும்னு போட்டிருக்கான்னு அவனையே தேட சொல்லுங்க, நல்ல ஆப்ல போட்டிருப்பாங்க. ஒரு கார்டு நூத்துல ஒரு தடவைதான் விழும்னா, அத எதிர்பாத்து 1,500 ரூபா பேக் எத்தனை வாங்கணும்னு கணக்கு போட சொல்லுங்க, எட்டாவது படிக்கற பையன் அஞ்சு நிமிஷத்துல போட்டுடுவான், நீங்க ஒரு மணி நேரம் திட்டறத விட அந்த கணக்கு நல்லா வேலை செய்யும். என்ன கார்டுன்னு பாத்து விலை தெரிஞ்சு வாங்குற மாதிரி ஏதாவது இருந்தா, அவன் சேத்து வச்ச காசுல ஒன்னே ஒன்னு வாங்கட்டும்.

இன்னொன்னு. 18 வயசு ஆகாதவங்க போடற ஒப்பந்தம் நம்ம சட்டத்துல செல்லாது, அதனால அவன் பேர்ல கணக்கு இருந்தா பின்னாடி ஒரு பிரச்சனைன்னு போய் நிக்க முடியாது. கணக்கு உங்க பேர்ல இருக்கட்டும், யூபிஐ பின் நம்பர மட்டும் அவனுக்கு சொல்லாதீங்க.

கேள்வி: நான் வாங்குன கார்டு இருந்த ஆப்பையே மூடிட்டாங்க. பிளாக்செயின்ல போட்டா அழியவே அழியாதுன்னுதானே சொன்னாங்க? (ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: சார், அழியாதது அந்த கணக்கு புக்குல இருக்குற வரி. படம் அதுல இருக்காது, பெரும்பாலும் அங்க இருக்கறது படம் எங்க இருக்குன்னு சொல்ற ஒரு விலாசம் மட்டும்தான். படத்தோட சைஸுக்கு அத நேரா பிளாக்செயின்ல ஏத்தறது ரொம்ப செலவு, அதனால வேற ஒரு சர்வர்ல வச்சிட்டு விலாசத்த மட்டும் எழுதுவாங்க. அந்த சர்வருக்கு வாடகை கட்டறத நிறுத்துனா பத்திரம் உங்க கைல இருக்கும், வீடு தரைமட்டமாயிருக்கும்.

பெரிய இடத்துலயே இது நடந்திருக்கு. ரெக்கர்னு ஒரு நிறுவனம், நிக்கலோடியனோட 'ரக்ராட்ஸ்', 'ஹே ஆர்னால்ட்' கேரக்டர எல்லாம் வச்சு 2022ல கார்டு வித்துச்சு, 2023 ஆகஸ்ட்ல கடைய மூடப்போறோம்னு அறிவிச்சிட்டாங்க. சின்ன வயசுல பாத்த கார்ட்டூன்னு ஆசையா வாங்குனவங்க என்ன பண்ணுவாங்க சொல்லுங்க. 2022 நவம்பர்ல எஃப்டிஎக்ஸ்ங்கற கிரிப்டோ (டிஜிட்டல் காயின்) எக்ஸ்சேஞ்ச் திவாலானப்பவும் அங்க உருவாக்குன என்எஃப்டி படமெல்லாம் அவங்க சர்வர்லயே இருந்ததால காணாம போச்சு.

எனக்கும் நடந்துச்சு. 2021 கடைசில ஒரு சின்ன வெப்சைட்ல, எனக்கு பிடிச்ச ஒரு தவளை கேரக்டர 2,300 ரூபாக்கு வாங்குனேன். ஒன்றரை வருஷம் கழிச்சு பாத்தா சைட் திறக்கல, மெயிலுக்கு பதில் இல்ல. என் வாலெட்ல நம்பர் மட்டும் பத்திரமா இருக்குது, தவளை இருந்த இடத்துல சாம்பல் கலர்ல ஒரு கட்டம். காசு போனத விட அந்த கட்டத்த பாக்கும்போதுதான் மனசு கஷ்டமா இருக்கும், இப்பவும் அப்பப்போ திறந்து பாக்கறேன்.

நீங்க இப்போ பண்ண வேண்டியது: ஆப் முழுசா நிக்கறதுக்கு முன்னாடி, வெளிய உங்க சொந்த வாலெட்டுக்கு மாத்தற வழி குடுத்திருக்காங்களான்னு பாருங்க, அதுக்கு ஒரு கடைசி தேதி போட்டிருப்பாங்க, அதுக்குள்ள மாத்திடுங்க. படத்தோட ஃபைலையும் தனியா டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. இனிமே வாங்கும்போது அந்த விலாசம் எதுன்னு கேளுங்க. சாதாரண வெப்சைட் லிங்க்கா இருந்தா அந்த சைட் இருக்குற வரைக்கும்தான். ஐபிஎஃப்எஸ்னு ஆரம்பிச்சா கொஞ்சம் பரவால்ல, ஒரே சர்வர நம்பி இருக்காது, ஆனா அதுலயும் உலகத்துல யாராவது ஒருத்தர் அந்த ஃபைல தன் மெஷின்ல வச்சிக்கிட்டு இருந்தாதான் கிடைக்கும்.

கேள்வி: ரிட்டயர் ஆனவன் நான், பேரன் வாங்குனத வித்து கொஞ்சம் லாபம் பாத்திருக்கான். வரி உண்டா? சட்டத்துல இதுக்கெல்லாம் மதிப்பு உண்டா? (தாம்பரம்)

பதில்: வரி உண்டு சார், நல்லா கனமாவே உண்டு. 2022 ஏப்ரல் 1ல இருந்து கிரிப்டோ, என்எஃப்டி எல்லாத்தையும் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துன்னு ஒரே பேர்ல கொண்டு வந்து, லாபத்துல 30 சதவீதம் வரி, அதுக்கு மேல 4 சதவீதம் செஸ். பேரன் 2,000 ரூபாக்கு வாங்கி 5,000க்கு வித்திருந்தா, 3,000 லாபத்துல 900 வரி, 36 செஸ். வாங்குன விலைய மட்டும்தான் கழிக்கலாம், வாங்கும்போது கட்டுன மத்த கட்டணத்த எல்லாம் கழிக்க விட மாட்டாங்க. இதுல எல்லாரும் தடுமாறுற இடம் என்னன்னா, இன்னொரு கார்டுல 3,000 நஷ்டம் வந்திருந்தாலும் அத இந்த லாபத்தோட சேத்து நேர் பண்ண முடியாது, நஷ்டம் நஷ்டமாவே நிக்கும். ஒரு கார்ட குடுத்து இன்னொரு கார்ட வாங்குனாலும் வித்த மாதிரிதான் கணக்கு. 2022 ஜூலை 1ல இருந்து ஒரு வரம்புக்கு மேல போற பரிவர்த்தனைக்கு 1 சதவீதம் டிடிஎஸ்ஸும் பிடிப்பாங்க. ரிட்டர்ன்ல இதுக்குன்னே தனி பட்டியல் இருக்கு, ஆடிட்டர் கிட்ட மறைக்காம குடுத்துடுங்க.

மதிப்பு பத்தி கேட்டீங்க. 2025 அக்டோபர்ல நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு சொன்னாரு. கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்ல தன் காயின முடக்கிட்டாங்கன்னு ஒரு முதலீட்டாளர் போட்ட வழக்கு அது. கிரிப்டோ கைல தொடற பொருளும் இல்ல, ரூபா மாதிரி பணமும் இல்ல, ஆனா அது சொத்துதான், ஒருத்தர் வச்சுக்கலாம், அனுபவிக்கலாம்னு சொன்னாரு. அது காயின பத்துன வழக்கு, கார்ட்டூன் கார்டுக்குன்னு சொன்னது இல்ல, ஆனா கோர்ட்டுல போய் நின்னா இது ஒன்னும் காத்துல எழுதுனது இல்லன்னு சொல்றதுக்கு நமக்கு ஒரு பிடி கிடைச்சிருக்கு.

கேள்வி: என் கிட்ட ஒரு கேரக்டரோட கார்டு இருக்கு. அந்த படத்த டிஷர்ட்ல போட்டு ரங்கநாதன் தெருவுல விக்கலாமா? (ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்)

பதில்: கூடாது. கார்டு உங்களோடது, கேரக்டர் ஸ்டுடியோவோடது. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி உரிமைய மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். வாங்கும்போது நீங்க டிக் போட்ட நிபந்தனைல வியாபாரத்துக்கு யூஸ் பண்ணலாம்னு தெளிவா இருந்தா மட்டும் பண்ணுங்க, சில தொகுப்புல அப்படி குடுக்கறாங்க, கார்ட்டூன் கம்பெனிங்க பெரும்பாலும் குடுக்கறதில்ல.

கேள்வி: இதுக்கெல்லாம் கரண்ட் எக்கச்சக்கமா ஆகுமாமே? (பல்லாவரம்)

பதில்: முன்னாடி ஆச்சு. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு வேலை செய்யற முறையவே மாத்துச்சு, அதுக்கப்புறம் அதோட மின்சார செலவு 99 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிடுச்சு. பிட்காயின் இன்னும் பழைய முறைலதான் ஓடுது.

கேள்வி: அக்கா, டெலிகிராம்ல ஒரு குரூப்ல போகிமான் கார்டு ஃப்ரீயா தரோம்னு லிங்க் வந்துச்சு, வாலெட்ட கனெக்ட் பண்ண சொல்லுச்சு, 12 வார்த்தை கேட்டுச்சு, நேத்து ராத்திரி போட்டுட்டேன். காலைல பாத்தா வாலெட்ல எதுவுமே இல்ல. வீட்டுக்கு தெரியாது. என்ன பண்றது? (கொளத்தூர்)

பதில்: உன் கேள்விக்கு அன்னைக்கே மெயில்ல பதில் போட்டுட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன். அந்த 12 வார்த்தை வீட்டு சாவி மாதிரி. கஸ்டமர் கேர், ஸ்டுடியோ, குரூப் அட்மின்னு எவன் கேட்டாலும் குடுக்கக்கூடாது, உண்மையான கம்பெனி அத எப்பவுமே கேக்காது. ஃப்ரீயா கார்டு குடுக்கறவனுக்கு உன் வாலெட் விலாசம் மட்டும் போதும், சாவி எதுக்கு. போகிமான் பேர வச்சு ஏமாத்தறது பழைய வேலை, 2022 டிசம்பர்லயே அந்த கம்பெனி, தங்க பேர சொல்லி என்எஃப்டி விக்கறாங்கன்னு ஆஸ்திரேலியா கோர்ட்டுக்கு போச்சு. எந்த தொடரா இருந்தாலும் அதோட சொந்த வெப்சைட்டுக்கு நீயா டைப் பண்ணி போய், அங்க அந்த கார்டு பத்தி போட்டிருக்கான்னு பாரு, குரூப்ல வர்ற லிங்க்க தொடாத.

இப்போ பண்ண வேண்டியது. அந்த வாலெட்ட இனிமே யூஸ் பண்ணாத, அதுல திரும்ப காசு போடாத. 'உங்க காச மீட்டு தரோம்'னு இன்னொருத்தன் மெசேஜ் பண்ணுவான், அவனும் அதே கூட்டம்தான், முன்பணம் கேட்டா குடுக்காத. லிங்க், குரூப் பேர், உன் வாலெட்ல இருந்து எந்த விலாசத்துக்கு போச்சு, எத்தனை மணிக்கு, எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, குரூப்ல இருந்து வெளிய வர்றதுக்கு முன்னாடி எடு. அப்புறம் 1930க்கு போன் பண்ணு, அது சைபர் குற்றத்துக்கான நம்பர், சீக்கிரம் சொன்னா காச வழிலயே நிறுத்த வாய்ப்பு உண்டு, நாள் ஆக ஆக அது குறைஞ்சிடும். வீட்டுல சொல்லிடு. அம்மா கிட்ட முதல்ல சொல்லு, போன் பண்ணும்போது பக்கத்துல உக்காந்திருக்க சொல்லு. இத படிக்கறவங்க யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தா எனக்கு எழுதிட்டு பதிலுக்காக காத்திருக்காதீங்க, முதல்ல 1930.